செல் கடை பதில்கள்: மதுரையில் எந்த சிம் நன்றாக எடுக்கும்?

டவுன்ஹால் ரோட்டில் 22 வருடமாகச் செல்போன் கடை வைத்திருப்பவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

வாசகி, சிம்மக்கல்: கோவையிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறோம். இங்கே ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம் வாடகைக்குக் கிடைத்தது. கோவையில் முழுப் புள்ளி காட்டிய சிம், இந்த வீட்டுக்குள் நுழைந்தால் செத்துவிடுகிறது. கணவர் வாரத்தில் நான்கு நாள் வெளியூரில் இருப்பார். மாமியாருக்கு இதய நோய். மதுரையில் நம்பி வாங்க எந்த கம்பெனி நல்லது? சுற்றி வளைக்காமல் ஒரே பெயராகச் சொல்லுங்கள்.

ஒரே பெயராகச் சொன்னால் எனக்கும் வேலை மிச்சம்தான். ஆனால் நான் சொல்லும் பெயர் என் கடை வாசலுக்குத்தான் சரியாக இருக்கும். உங்கள் அடுப்படிக்குச் சரிப்படுமா என்பது உங்கள் அடுப்படிக்குத்தான் தெரியும். ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பி.எஸ்.என்.எல். நான்கையும் விற்கிறேன். நான்கிலும் கமிஷன் உண்டு. அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பக்கத்து வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை அடிக்குச் செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தலைக்கு மேல் மெட்ராஸ் டெரஸ், அதற்கும் மேல் வீட்டுக்காரர் பிற்பாடு எழுப்பிய கான்கிரீட் மாடி. நடுவில் முற்றம் இருந்திருக்கும். மழைத்தண்ணீருக்கும் குரங்குக்கும் பயந்து அதைத் தகர ஷீட் போட்டு மூடியிருப்பார்கள். வெளிச்சம் வந்த வழியாகத்தான் டவரும் வந்துகொண்டிருந்தது. தகரத்தில் பட்ட அலை திரும்பிப் போய்விடும்.

போன வருடம் வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிற வாடிக்கையாளர், நான்கு மாதத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். 'நீங்க குடுக்கிற சிம் எல்லாமே டூப்பாண்ணே?' என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைப் பூட்டிவிட்டு, ஒரே மாதிரி போன் இரண்டில் நான்கு கம்பெனி சிம்மையும் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

புள்ளிகளை நான் பார்ப்பதில்லை. எத்தனை புள்ளி காட்டுவது என்பது போன் செய்கிறவன் இஷ்டம். ஒரே இடத்தில் ஒரு போன் நான்கு காட்டும், இன்னொன்று இரண்டு காட்டும். பார்க்க வேண்டியது எண்ணை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அதில் அபவுட் போன், அதில் சிம் ஸ்டேட்டஸ், அதற்குள் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று இருக்கும். ஐபோன் என்றால் *3001#12345# என்று போட்டு, கடைசியில் இன்னொரு நட்சத்திரமும் போட்டு டயல் செய்யுங்கள். மைனஸில் ஒரு எண் வரும், பக்கத்தில் டி.பி.எம். என்று போட்டிருக்கும். மைனஸ் குறியை விட்டுப் பார்த்தால் சின்ன எண்தான் நல்லது. 4ஜியில் -80 என்றால் அருமை, -95 வரை கவலையில்லை, -110 தாண்டினால் பேச்சு வெட்டி வெட்டி வரும், -120 என்றால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டியதுதான். பத்து எண் இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் -95க்கும் -105க்கும் வித்தியாசம் கொஞ்சம்தானே என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த வீட்டில் வாசல்படியில் நின்று பார்த்தபோது ஒரு கம்பெனி -82 காட்டியது. நான்கில் அதுதான் முதலிடம். கடைசியாக வந்தது -98. பட்டாசாலையைத் தாண்டி அடுப்படிக்குப் போனோம். முதலிடத்துக்காரர் -119க்குச் சுருண்டுவிட்டார். வாசலில் நோஞ்சானாக இருந்தது மட்டும் -106ல் நின்றது. அடுப்படி ஜன்னல் பக்கம் போனால் -101. அந்த கம்பெனியின் டவர் வீட்டுக்குப் பின்பக்கம், ஆற்றை ஒட்டி இருக்கிறது. மற்ற மூன்றும் வாசல் பக்கமிருந்து வீடு முழுக்கக் கடந்து வர வேண்டும். அவர் மூன்று தடவையும் சிம் வாங்கியவுடன் வாசலில் நின்று சோதித்துப் பார்த்து, 'நல்லா எடுக்குது' என்று திருப்திப்பட்டிருக்கிறார்! அந்த வீட்டம்மா பகலில் பாதி நேரம் நிற்பது அடுப்படியில்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: சிம் வாங்குமுன் மாமியாரின் கட்டிலில் உட்கார்ந்து பாருங்கள். சொந்தக்காரர்கள் வந்தால் யாரிடம் எந்த கம்பெனி என்று கேட்டு, போனை வாங்கி அந்தக் கட்டிலிலிருந்தே இரண்டு நிமிடம் பேசுங்கள். மாடியில் இருக்கிற வீட்டுக்காரரின் சாட்சி இதற்குச் செல்லாது, அவர் வெட்டவெளியில் இருக்கிறார். எதிர்வீட்டுக் கீழ்த்தளத்துக்காரரைக் கேளுங்கள். ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஒரு தடவை பேசிப் பாருங்கள், ஊரே போனில் இருக்கிற நேரம் அது. பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்துகிற நாளில், சாயங்காலம் இன்னொரு தடவை பாருங்கள். டவருக்குக் கீழே பேட்டரி இருக்கும், சில இடத்தில் ஜெனரேட்டரும் இருக்கும். பேட்டரி கிழடாகிப் போன டவர் மத்தியானத்திலேயே படுத்துவிடும். அன்றைக்குத் தாக்குப்பிடிப்பதுதான் நோயாளி இருக்கிற வீட்டுக்கு வேண்டும்.

இருக்கிற கோவை சிம்மைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு சிம் போடுகிற போனில் அது ஒன்று, சோதனையில் தேறியது ஒன்று. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இன்னும் நல்லது, வைஃபை காலிங் என்பதை ஆன் செய்துவிடுங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதை ஆரம்பித்தன. தனிக் கட்டணம் கிடையாது. டவர் இல்லாத அறையிலும் அதே நம்பருக்குக் கால் வரும். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடும் என்பதால், ரவுட்டருக்கென்று விற்கிற குட்டி யு.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள்.

இன்னொன்று. திரையில் 'எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி' என்று வந்தால் உங்கள் கம்பெனி டவர் இல்லை, வேறு ஏதோ ஒரு கம்பெனியின் டவர் எட்டுகிறது என்று அர்த்தம். அப்போது 112 போட்டால் அந்த டவர் வழியாகப் போகும். மாமியாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வாசகர், நரசிங்கம்: ஒத்தக்கடை மெயின் ரோட்டில் சினிமா பார்க்கிற அளவுக்கு வேகம் வருகிறது. மலையடிவாரத்தில் இருக்கிற என் வீட்டில் மிஸ்டு கால்கூட வருவதில்லை. கஸ்டமர் கேரில் 'உங்கள் பகுதியில் சேவை சிறப்பாக உள்ளது' என்கிறார்கள்.

அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பகுதி என்பது பின்கோடு. யானைமலை அதில் தெரியாது. செல்போன் அலை சுவரைக் கொஞ்சம் துளைக்கும், மூலையைக் கொஞ்சம் வளைந்து வரும், அவ்வளவுதான். ஒரே பாறையாகப் படுத்திருக்கிற மலையைத் துளைத்து வராது. டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் மலை இருந்தால் நீங்கள் அதன் நிழலில் இருக்கிறீர்கள். நாகமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களும் இதே கதையோடு என் கடைக்கு வருவார்கள். மதுரைக்குள் எந்த கம்பெனி பெரியது என்ற கணக்கு உங்களுக்கு வேண்டாம். மலைக்கு உங்கள் பக்கத்தில் யாருக்கு டவர் இருக்கிறது, அது மட்டும்தான் கேள்வி.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புது விதிகள் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி ஒவ்வொரு கம்பெனியும் 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கிறது என்று தன் இணையதளத்தில் வரைபடம் போட வேண்டும். உங்கள் தெருவரை பெரிதாக்கிப் பாருங்கள். வரைபடத்தில் நிறம் இல்லை என்றால் அந்த கம்பெனியை மறந்துவிடலாம். நிறம் இருந்தாலும் அது தெருவுக்குத்தான் உத்தரவாதம், படுக்கையறைக்கு இல்லை.

புகாரை கஸ்டமர் கேர் பெண்ணிடம் கோபப்படுவதோடு நிறுத்தாதீர்கள். 198க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்து, டாக்கெட் நம்பர், அதாவது புகார் எண், வாங்குங்கள். அந்தப் பதில் திருப்தி இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் பத்து டாக்கெட் நம்பரோடு எழுதினால் தனி மரியாதை கிடைக்கிறது. பார்த்திருக்கிறேன்.

வாசகர், உசிலம்பட்டி: அம்மாவுக்கு 76 வயது. பழைய பட்டன் போன்தான் பழக்கம். மகன் ஆசையாக ஜியோ சிம் வாங்கிப் போட்டான், டவரே காட்டவில்லை. சிம் கெட்டுவிட்டதா?

சிம் கெடவில்லை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 2016ல் வந்தபோதே 4ஜியோடுதான் வந்தது. அம்மாவின் போன் 2ஜி போன், அதனால் அந்த டவர் அதன் கண்ணுக்கே தெரியாது. ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். மூன்றிலும் 2ஜி இருக்கிறது. அதில் உங்கள் தெருவில் எடுப்பதைப் போடுங்கள். இல்லை, ஜியோதான் வேண்டும் என்றால் 4ஜி பட்டன் போன் வாங்க வேண்டும். அதிலும் பட்டன்தான். ஆனால் பச்சை பட்டன் இருக்கும் இடம் மாறினாலே அம்மாக்கள் 'இது எனக்கு ஆகாது' என்று பீரோவுக்குள் வைத்துவிடுவார்கள். சிம்மை மாற்றுங்கள், போனை மாற்றாதீர்கள்.

ரீசார்ஜ் விஷயத்தில், இன்டர்நெட் இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பிளான் எல்லாக் கம்பெனியும் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது. கடையில் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். வாய்விட்டுக் கேளுங்கள்.

வாசகி, திருநகர்: 15 வருடமாக வைத்திருக்கும் நம்பர். கம்பெனி மாறினால் நம்பர் போய்விடுமோ என்று பயம். பேங்க், கேஸ், ரேஷன் எல்லாம் அதில்தான்.

நம்பர் போகாது. நம் நாடு முழுக்க 2011 ஜனவரி 20லிருந்து இந்த வசதி இருக்கிறது. PORT என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள ஒரு கோடு வரும். நம் மாநிலத்தில் அது நாலு நாள்தான் செல்லும். ஆதாரோடு புது கம்பெனிக் கடைக்குப் போனால் சிம் தருவார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் மூன்று வேலை நாள். கடைசியில் சில மணி நேரம் இரண்டு சிம்மும் வேலை செய்யாது. அந்த நாளில் பேங்க் வேலை, டிக்கெட் புக்கிங் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தடங்கல் வருவது வேறு இடங்களில். இப்போதைய கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும், இது 2024 ஜூலையில் வந்த விதி. போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தால் கட்ட வேண்டும். பிரீபெய்டில் மிச்சமிருக்கும் பேலன்ஸ் போய்விடும், அதனால் வருட பிளான் போட்ட மறுமாதம் மாற நினைக்காதீர்கள். என் கடையில் நான் அதிகம் பார்ப்பது பெயர்ச் சிக்கல். சிம் காலமான அப்பா பெயரில் இருக்கும், பத்து வருடமாகப் பேசுவது மகள். முதலில் பெயரை மாற்றிக்கொண்டு அப்புறம்தான் கம்பெனி மாற முடியும்.

2018ல் ஒரு கம்பெனி மூடியபோது, பெயர் சொல்ல வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், என் கடை வாசலில் ரோட்டைத் தாண்டி வரிசை நின்றது. எஸ்.எம்.எஸ். அனுப்பக்கூட டவர் இல்லை. நள்ளிரவில் மொட்டை மாடியில் ஏறி ஒரு புள்ளி கிடைத்தபோது கோடு வாங்கியவர்கள் உண்டு. நன்றாக இருக்கும்போதே மாறிக்கொள்வது சுலபம் என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

வாசகர், செல்லூர்: 5ஜி போனுக்கு மாறினால் டவர் நன்றாக எடுக்குமா?

எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இங்கே 5ஜி பெரும்பாலும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. வேகம் அதிகம், சுவர் கண்டால் நின்றுவிடும். 700, 850, 900 மாதிரியான தாழ்ந்த அலைவரிசைதான் சுவருக்குள் நுழைந்து வரும். இன்னிசைக் கச்சேரியில் தெரு முனைவரை கேட்பது டிரம்ஸ் அடிதானே, அந்த மாதிரி. வீட்டுக்குள் 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால் போனை 4ஜியில் நிறுத்திவிடுங்கள். பேட்டரியும் மிஞ்சும்.

வாசகர், அவனியாபுரம்: ஆன்லைனில் 'டவர் பூஸ்டர்' மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாட்டலாமா?

மாட்டாதீர்கள். அனுமதியில்லாத பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டில் எடுக்கும், அது கத்துகிற கத்தலில் தெருவில் மற்றவர்கள் போன் படுத்துவிடும். போன் கவருக்குள் ஒட்டுகிற ஸ்டிக்கர் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் எந்தக் குற்றமும் இல்லை, எந்தப் பலனும் இல்லை.

வாசகி, கோரிப்பாளையம்: அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, போனில் புள்ளி நிறைய இருந்தும் கால் போகவே இல்லை. கூட்டத்தில் பையனைத் தொலைத்துவிட்டு அரை மணி நேரம் தவித்தேன். அன்றைக்கு மட்டும் எந்த சிம் நல்லது?

அன்றைக்கு எந்த சிம்மும் நல்லதில்லை. புள்ளி காட்டுவது டவர் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும்தான். டவர் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் பேசக் கொடுக்க முடியும் என்று ஓர் அளவு உண்டு. மாட்டுத்தாவணிக்கு வருகிற பஸ் கண்ணுக்குத் தெரிகிறது, படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை, அப்படித்தான் இதுவும். கால் போகாதபோதும் எஸ்.எம்.எஸ். பல நேரம் நுழைந்துவிடும், அதை முதலில் முயற்சி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போடுகிறவர்களைப் பார்த்தால் தலையில் ஒரு குட்டு வையுங்கள்.

அடுத்த வருடம் கிளம்பும்போதே, 'தொலைந்தால் தல்லாகுளம் பெருமாள் கோயில் வாசல்' என்று பையனிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் நம்பரைப் பையன் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். எங்கள் அம்மா எனக்கு வீட்டு விலாசத்தை இப்படித்தான் எழுதி அனுப்பினார், அப்போது வீட்டில் போனே கிடையாது.

வாசகர், திருமங்கலம்: எல்லோரும் விலை ஏற்றிவிட்டார்கள். பி.எஸ்.என்.எல்.லுக்குத் திரும்பலாமா? 

2024 ஜூலையில் மற்ற மூன்று கம்பெனியும் விலை ஏற்றியபோது இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் ஏராளம். பி.எஸ்.என்.எல். மட்டும் அப்போது ஏற்றவில்லை. அதன் சொந்த 4ஜி, உள்நாட்டிலேயே செய்த கருவிகளோடு, 2025 செப்டம்பர் 27ல் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 700 மெகாஹெர்ட்ஸ் அதன் கையில் இருப்பது நல்ல விஷயம். பீரோவில் கிடக்கும் பழைய பி.எஸ்.என்.எல். சிம்மைப் போட்டுவிட்டு வேகம் இல்லை என்று திட்டாதீர்கள், அதை 4ஜி சிம்மாக மாற்ற வேண்டும். முதலில் இரண்டாவது சிம்மாக வைத்து ஒரு மாதம் பாருங்கள். திருமங்கலத்தில் வீடு, மதுரையில் வேலை என்றால் போகிற வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது எந்த இடத்தில் பேச்சு அறுகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். தினமும் ஒரே இடத்தில் அறுந்தால், குற்றம் உங்கள் போனில் இல்லை.

வாசகர், பசுமலை: மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எந்த சிம் எடுக்கும்?

கோயிலுக்குள் போனே கூடாது. 2018லிருந்து வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஊருக்குள் ஒரு இடமாவது இப்படி இருக்கட்டும்.

வாசகி, வில்லாபுரம்: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள், உங்கள் வீட்டில் என்ன சிம்?

என் போனில் இரண்டு. கடையில் ஒன்று எடுக்கும், வீட்டில் மற்றது எடுக்கும். மனைவி மூன்றாவது கம்பெனி. அது வீட்டில் எல்லா அறையிலும் எடுக்கிறது, நான்தான் சோதித்து வாங்கிக் கொடுத்தேன். ஆனால் பிளான் முடிந்து நாலு நாளாகியும் ரீசார்ஜ் செய்ய எனக்கு ஞாபகம் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி டவுன்ஹால் ரோட்டுக்கு வந்து, வரிசையில் நின்று, என் முறை வந்ததும் 'அண்ணே, ஒரு ரீசார்ஜ்' என்று நம்பரைச் சொல்கிறாள். நானும் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டேன்.